பள்ளிக்கே வந்து எடையும் உயரமும் அளக்கும் சேவை: பினாங்கு இடைநிலைப்பள்ளி ஒன்றின் அனுபவம்

ஜார்ஜ்டவுனில் எங்கள் பிள்ளைகள் பயிலும் தேசிய இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், மாணவர்களின் எடை நிலையை அறிந்துகொள்வதற்காகத் தனியார் உடல்நலப் பரிசோதனை நிறுவனம் ஒன்றை அழைத்திருந்தது. படிவம் 1 முதல் படிவம் 5 வரை உள்ள எல்லா மாணவர்களையும் அளந்து, உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிட்டு, பள்ளிக்கு ஓர் அறிக்கையும் பெற்றோருக்குத் தனித்தனிக் கடிதமும் தருவதாக ஒப்பந்தம். கட்டணம் ஒரு மாணவருக்கு 7 ரிங்கிட். இதே போன்ற சேவையைப் பிற பள்ளிகளும் நாடி வருவதால், செயலவையில் இருந்துகொண்டு அளவெடுப்பு முழுவதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அது எந்த அளவுக்குப் பயன்பட்டது, எங்கே தவறியது என்பதை எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்தச் சேவையை எப்படி எடைபோடுவது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வதே என் நோக்கம்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் எத்தனை பேர் மிகை எடையுடன் இருக்கிறார்கள், எத்தனை பேர் மெலிந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க இக்குறியீடு நல்ல கருவி. ஆனால் தனி ஒரு பிள்ளையின் உடல்நலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. இந்த வேறுபாட்டை உணர்ந்து செயல்படும் நிறுவனத்துக்கு 7 ரிங்கிட் அதிகமில்லை. உணராத நிறுவனம் இலவசமாக வந்தாலும் பிள்ளைகளுக்குத் தீங்குதான் செய்யும். எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் முதல் சுற்றில் இரண்டாம் வகையினராகவும், எங்கள் முறையீட்டுக்குப் பின் நடந்த இரண்டாம் சுற்றில் ஓரளவு முதல் வகையினராகவும் இருந்தார்கள்.

பள்ளியிலேயே செகாக் எனப்படும் மாணவர் உடற்திறன் சோதனை இருக்கும்போது வெளியார் எதற்கு என்று செயலவைக் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. ஆண்டுக்கு இருமுறை, நான்காம் ஆண்டு முதல் படிவம் 5 வரை, ஏறி இறங்கும் பெஞ்சுப் பயிற்சி, தண்டால், உட்கார்ந்து எட்டித் தொடுதல் ஆகியவற்றோடு எடையும் உயரமும் பதிவு செய்யப்படுகின்றன. ஆயினும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஒரு பாடவேளைக்குள் முழு வகுப்பையும் நிறுத்தி அளக்க வேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டிய அளவு நாடாவும், பல ஆண்டுகளாகச் சரிபார்க்கப்படாத குளியலறைத் தராசும்தான் அவர் கையில் இருக்கின்றன. அப்படி எடுத்த எண்களைக் கொண்டு சிற்றுண்டிச்சாலை உணவையோ விளையாட்டு நேரத்தையோ மாற்றச் சொல்லிப் பள்ளி நிர்வாகத்திடம் பேச முடியாது. நம்பத்தக்க எண்கள் வேண்டும் என்பதற்காகவே பணம் கொடுத்து அழைத்தோம்.

தேவை எவ்வளவு என்பதில் ஐயமில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். பெரியவர்களில் அது 50.1 விழுக்காடு. அதே ஆண்டு ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டதும் இந்தக் கவலையால்தான். காலையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், ஓய்வு நேரத்தில் சிரப் பண்டுங், டியூஷன் முடிந்து வரும் வழியில் மீ கோரெங் என்று நம் பிள்ளைகளின் நாள் ஓடுவதைப் பார்க்கும் எவருக்கும் இந்த எண்கள் வியப்பளிக்கா. வியப்பளிக்க வேண்டியது, அதே வகுப்பில் சட்டைக் கழுத்துக்குள் கழுத்து நிற்காத அளவுக்கு மெலிந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே. எடைக் கணக்கெடுப்பு என்றாலே குண்டான பிள்ளைகளைத் தேடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். இரு முனைகளையும் கணக்கில் எடுக்காத அறிக்கை பாதி அறிக்கை.

இனி, அளவெடுப்பைப் பார்ப்போம். கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் இக்குறியீடு. கணக்கு எளிது. உயரம் வர்க்கமாகப் பெருகுவதால், உயரத்தில் நேரும் சிறு பிழைகூட விடையில் பெரிதாகத் தெரியும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். 13 வயது முடிந்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். உயரம் 150 சென்டிமீட்டர், எடை 47 கிலோ என்றால் குறியீடு 20.9. உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வயதுப் பையனுக்கு மிகை எடையின் எல்லை 20.8, ஆகவே அவன் எல்லையைத் தாண்டிவிட்டான். அதே பையனைப் பள்ளிக் காலணியோடு நிறுத்துங்கள். காலணி உயரத்தை இரண்டரை சென்டிமீட்டர் கூட்டும், எடையை முக்கால் கிலோ போலக் கூட்டும். குறியீடு ஏறத்தாழ 20.5க்கு இறங்கிவிடும், பையன் இயல்பான எடைக்காரன் ஆகிவிடுவான். காலணியைக் கழற்றச் சொல்ல நேரமில்லாத ஒரு குழு, ஒரு வகுப்பின் கணக்கையே இப்படி மாற்றிவிட முடியும்.

இந்த விஷயத்தில் வந்திருந்த குழுவைப் பாராட்ட வேண்டும். காலணி, காலுறை, பெல்ட், சட்டைப் பையில் இருந்த சாவி, கைப்பேசி எல்லாவற்றையும் ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். உயரம் அளக்கக் கொண்டுவந்த கருவி அகலமான அடித்தட்டும் நிமிர்ந்த பலகையும் கொண்டது. குதிகால், பிட்டம், தோள்பட்டை மூன்றும் பலகையைத் தொடும்படி நிறுத்தி, கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துளையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும்படி தாடையைப் பிடித்துத் தலையை நேராக்கிய பிறகே மேல்தட்டை இறக்கினார்கள். உச்சியில் கொண்டை போட்டிருந்த மாணவியரிடம் அதை அவிழ்த்துப் பின்னலைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னார் ஒரு தாதி. முக்காடு அணிந்த மாணவியருக்குத் திரைக்குப் பின்னால் பெண் தாதி மட்டுமே இருந்தார். ஒவ்வொருவரையும் இருமுறை அளந்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை அளந்தார்கள். உயரம் 0.1 சென்டிமீட்டர் வரை, எடை 0.1 கிலோ வரை பதிவானது. குதிகாலைத் தூக்கி உயரம் காட்ட முயன்ற படிவம் 1 பையன்களைக்கூட அவர்கள் பொறுமையாகச் சமாளித்தார்கள்.

தராசு விஷயத்தில் ஒரு குறை நேர்ந்தது. மண்டப மேடையின் கம்பளத்தின் மேலேயே அதை வைத்துவிட்டார்கள். கம்பளம் அமுங்கும், அதன் மேல் வைத்த மின்னணுத் தராசு சரியாகக் காட்டாது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் உடற்பயிற்சி அறையிலிருந்து 10 கிலோ இரும்பு வட்டு ஒன்றை எடுத்து வந்து வைத்துப் பார்த்தபோது எண் குறைவாகக் காட்டியது. உடனே தராசைச் சிமெண்டுத் தரைக்கு மாற்றினார்கள், அதுவரை எடை பார்க்கப்பட்டவர்களுக்கு மறுபடியும் எடை பார்த்தார்கள். ஏற்றுக்கொண்டு திருத்தியது நல்ல பண்பு. ஆனாலும் தெரிந்த எடை ஒன்றை அவர்களே கொண்டுவந்து, காலையிலும் இடைவேளைக்குப் பிறகும் தராசைச் சோதித்திருக்க வேண்டும். அதைப் பள்ளி செய்யவேண்டி வந்தது சரியல்ல.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. முதல் சுற்றில் ஒருவர் தராசைப் பார்த்து எடையை உரக்கச் சொல்ல, எதிர் மேசையில் இருந்தவர் கணினியில் பதிந்தார். வரிசையில் நின்ற எல்லார் காதிலும் அது விழுந்தது. படிவம் 2 மாணவி ஒருத்தி தராசில் ஏறுமுன் குனிந்து, "மிஸ்ஸி, என் நம்பரை மட்டும் சத்தமா சொல்லாதீங்க" என்று கேட்டாள். தாதி தலையசைத்தார், ஆனாலும் பழக்க வேகத்தில் சொல்லிவிட்டார். பின்னால் இருந்து சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் காலணியைக் கையில் பிடித்தபடியே மண்டபத்தை விட்டு வெளியேறினாள். எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது. 13, 14 வயதில் உடல் மாறிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அந்த ஒரு நொடியைப் பல ஆண்டுகள் சுமப்பார்கள். சிலர் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

இதனால் கணக்கெடுப்பும் கெடும். அடுத்த நாள் அளக்கவிருந்த படிவம் 3 வகுப்புகளில் வழக்கத்தைவிடப் பலர் விடுப்பு எடுத்தார்கள். யார் வரவில்லை என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்: பெரும்பாலும் பருத்த உடல்வாகு கொண்ட பிள்ளைகள். அவர்கள் வராமல் போனால் பள்ளியின் மிகை எடை விழுக்காடு இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், அறிக்கையும் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. எத்தனை பேர் பெயர்ப் பட்டியலில் இருந்தார்கள், எத்தனை பேர் அளக்கப்பட்டார்கள் என்ற இரு எண்களும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நாங்கள் பிறகு வலியுறுத்தியது இதற்காகத்தான். இதே நிறுவனம் மலிவான இன்னொரு திட்டத்தையும் காட்டியது: மாணவர்களே தங்கள் எடையையும் உயரத்தையும் இணையப் படிவத்தில் நிரப்பிவிடலாம். அதை ஏற்காதது நல்ல முடிவு. பருத்தவர்கள் தம் எடையைக் குறைத்தும், பலர் தம் உயரத்தைக் கூட்டியும் சொல்வது உலகெங்கும் கண்டறியப்பட்ட இயல்பு. வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கில் இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் சாயும்.

அடுத்து அறிக்கை. முதல் சுற்றின் அறிக்கை கையில் கிடைத்தபோது, படிவம் 1 மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எடைக்குறைவு உள்ளவர்கள் என்று அதில் இருந்தது. பள்ளி நிர்வாகம் திகைத்துப்போனது. காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. 18.5க்குக் கீழே எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு என்ற பெரியவர்களுக்கான எல்லைகளையே எல்லா மாணவர்களுக்கும் போட்டிருந்தார்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் பொருந்தா. உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட 5 முதல் 19 வயதினருக்கான வளர்ச்சி அட்டவணையில், 13 வயது நிறைந்த பையன்களின் நடு அளவே 18.2. அதாவது பெரியவர்களின் அளவுகோலை வைத்தால், நல்ல வளர்ச்சியுள்ள பையன்களில் பாதிப் பேர் மெலிந்தவர்கள் ஆகிவிடுவார்கள். மறுமுனையில் இன்னும் ஆபத்தான தவறு நடக்கும். அதே வயதில் குறியீடு 24 உள்ள பையன், பெரியவர் கணக்கில் இயல்பானவன். அவன் வயதுக்கான கணக்கிலோ மிகை எடை எல்லையான 20.8ஐத் தாண்டி, உடற்பருமன் எல்லையான 24.8ஐ நெருங்கிக்கொண்டிருப்பவன். கவனிக்க வேண்டியவனை விட்டுவிட்டு, கவலைப்பட வேண்டாதவன் வீட்டுக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். பெண்களுக்கு எல்லைகள் வேறு: 13 வயதில் மிகை எடை 21.8இலும் உடற்பருமன் 26.2இலும் தொடங்குகின்றன. பருவ வளர்ச்சி பெண்களுக்கு முன்னதாக வருவதே இதற்குக் காரணம். 19 வயதை நெருங்கும்போதுதான் இந்தக் கோடுகள் பெரியவர்களின் 25, 30 என்ற எல்லைகளோடு ஏறத்தாழ இணைகின்றன.

ஆகவே பாலினமும் பிறந்த தேதியும் இல்லாமல் பள்ளிப் பிள்ளையின் குறியீட்டுக்குப் பொருளே இல்லை. வயதை வெறும் ஆண்டில் போட்டாலும் போதாது. ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் பதினொரு மாத இடைவெளி இருக்கிறது, அந்த வயதில் அது பெரிய இடைவெளி. கடினமான வேலையும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஆந்த்ரோபிளஸ் என்ற மென்பொருளை இலவசமாகவே தருகிறது. பிறந்த தேதி, அளந்த தேதி, பாலினம், எடை, உயரம் ஆகியவற்றைக் கொடுத்தால் அதுவே வயதுக்கேற்ற நிலையைச் சொல்லிவிடும். எங்கள் ஆசிரியர் ஒருவர் ஒரு வகுப்பின் விவரங்களை அதில் இட்டுப் பார்த்த பிறகுதான் நாங்கள் நிறுவனத்திடம் பேசினோம். கட்டணம் வாங்கும் நிறுவனம் ஒன்று இதைச் செய்யத் தவறியதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் வாதாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தவறான கடிதங்களைத் திரும்பப் பெற்று, கூடுதல் கட்டணமின்றி அறிக்கையை மாற்றி எழுதினார்கள். அடுத்த பருவத்தில் ஒரு சுற்றை இலவசமாகவே நடத்தினார்கள்.

அந்த இரண்டாம் சுற்று நன்றாக இருந்தது. தராசின் எண் காட்டும் பகுதி தாதியின் பக்கம் மட்டும் தெரியும்படி தனியாக வைக்கப்பட்டிருந்தது. எண்ணை யாரும் வாயால் சொல்லவில்லை, தாதியே பதிந்துகொண்டார். வகுப்பு வகுப்பாக அழைக்காமல் ஐந்தைந்து பேராக அழைத்தார்கள், திரைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சென்றார். தன் எடையைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் தராசுக்கு முதுகு காட்டி நிற்கலாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். வருகை நன்றாகவே கூடியது. முதல் சுற்றைவிட வேலை அதிக நேரம் இழுத்தது உண்மைதான். பாடவேளைகள் போய்விட்டன என்று சில ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அந்த நேரம் வீணான நேரம் அல்ல என்பது என் கருத்து.

திருத்திய அறிக்கை வகுப்புவாரியாக, பால்வாரியாக, கடும் மெலிவு முதல் உடற்பருமன் வரை எல்லாப் பிரிவுகளையும் காட்டியது. தனிப் பெயர்கள் இல்லை. பள்ளிக்கு அதுதான் வேண்டும். படிவம் 1இல் இருப்பதைவிடப் படிவம் 4இல் பெண்களின் மெலிவு கூடியிருந்ததைப் பார்த்து, காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பள்ளிக்கு வரும் மாணவியரைப் பற்றி ஆலோசக ஆசிரியர் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். சிற்றுண்டிச்சாலை குத்தகைக்காரரிடம் பண்டுங்கின் இனிப்பைப் பற்றிப் பேசவும் நிர்வாகத்தின் கையில் இப்போது ஓர் ஆதாரம் இருக்கிறது.

குறியீட்டின் எல்லையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நிறுவனத்தின் விளம்பரத் தாளில் "உங்கள் பிள்ளையின் கொழுப்பு அளவை அறியுங்கள்" என்று அச்சிட்டிருந்தார்கள். இக்குறியீடு கொழுப்பை அளப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கை வகுத்த பெல்ஜியக் கணித அறிஞர் அடோல்ப் கெட்லே, மனிதக் கூட்டத்தின் சராசரி வளர்ச்சியை ஆராய்ந்தாரே தவிர நோயாளியைச் சோதிக்கவில்லை. 1972இல் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரப்பிய ஆன்சல் கீஸும் மக்கள்தொகை ஆய்வுக்கே அதைப் பரிந்துரைத்தார். தசை, எலும்பு, கொழுப்பு மூன்றையும் தராசு ஒன்றாகவே நிறுக்கிறது. எங்கள் பள்ளியின் சிலம்ப அணியில் இருக்கும் தோள் அகன்ற பையன் மிகை எடைப் பட்டியலில் வந்ததும் அதனால்தான்.

நம் இனத்தவருக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு சிறு குறிப்பில், புனேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த அவர் நண்பர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் இருக்கிறது. இருவர் குறியீடும் 22.3தான். உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. இந்தியத் துணைக்கண்டத்து உடல்வாகில் ஒல்லியான தோற்றத்துக்குள்ளும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்பதற்கு அந்தப் படம் சான்று. ஆசியப் பெரியவர்களுக்கு 23, 27.5 ஆகிய அளவுகளிலேயே கவனம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில் சொன்னதும் இதையொட்டித்தான். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நீரிழிவு இருக்கும் வீட்டில், பிள்ளையின் குறியீடு இயல்பு என்று கடிதம் வந்ததும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போகிறதா என்று வீட்டிலேயே ஒரு தையல் நாடாவால் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஓர் அளவையும் இந்நிறுவனம் சேர்த்து எடுத்தால், கேட்கும் கட்டணத்துக்கு முழுத் தகுதி பெறும் என்று நினைக்கிறேன். கேட்டிருக்கிறோம், அடுத்த சுற்றில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பெற்றோருக்கான கடிதத்தைப் பற்றி ஒரு சொல். திருத்திய வடிவம் நாகரிகமாக எழுதப்பட்டிருக்கிறது: உறையிட்டு ஒட்டப்பட்டது, பிள்ளையின் கையில் திறந்த தாளாகத் தரப்படவில்லை, "பருமன்" என்று முத்திரை குத்தாமல், அளந்த எடை, உயரம், அளந்த தேதியில் ஆண்டும் மாதமுமாக வயது, அந்த வயதுக்கான வரம்பு ஆகியவற்றைத் தந்துவிட்டு, அரசு சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டுமாறு மட்டும் கேட்கிறது. எடைக் குறைப்பு மருந்து, சத்துமாவு என்று எதையும் விற்க முயலவில்லை. அப்படி முயலும் நிறுவனத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவர் மகளின் கடிதத்தைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த மருத்துவர் அதிலுள்ள விவரங்களை அப்படியே வளர்ச்சி வரைபடத்தில் குறித்துக்கொண்டாராம். ஆனால் கடிதம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் பலர் தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். சமையலறை அவர்கள் கையில்தான் இருக்கிறது. நிறுவனத்திடம் தமிழ் வடிவம் இல்லாததால், செயலவையிலேயே ஒன்றை எழுதி, பள்ளித் தாதி சரிபார்த்த பின் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். வரும் பருவத்துக் கடிதங்களோடு அதையும் இணைத்து அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.